நரம்பில் ஓடுவது மின்சாரம் என்றால் அது ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது?

உப்புவெளி மாணவி:

அடுத்த உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் படிக்கிறேன். நரம்புத் தொகுதிப் பாடத்தில் ஓர் இடம் என்னை முன்னே போக விடவில்லை. நரம்புக் கணத்தாக்கம், அதாவது நரம்பில் ஓடும் செய்தித் துடிப்பு, மின் இயல்பானது என்று குறிப்பில் இருக்கிறது. அடுத்த வரியிலேயே, மனித உடலின் மிக விரைவான நரம்பு நாரில்கூட அது செக்கனுக்கு ஏறத்தாழ 120 மீற்றர் வேகத்தில்தான் போகிறது என்றும், மெல்லிய நார்களில் 1 மீற்றர் அளவே என்றும் எழுதியிருக்கிறது. அது நாம் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. சுவிட்சை அழுத்தினால் மறுகணமே மின்குமிழ் எரிகிறது. இரண்டும் மின்சாரம் என்றால் ஏன் இந்த வித்தியாசம்? பாடமாக்கி எழுதினால் புள்ளி கிடைத்துவிடும் என்று தோழிகள் சொல்கிறார்கள். எனக்குக் காரணம் விளங்க வேண்டும்.

பாலையூற்று பொறியியலாளர்:

நல்ல கேள்வி, தங்கச்சி. மின்னேற்றம் அசைந்தால் அது மின்னோட்டம்தான். நரம்பிலும் அதுவே நடக்கிறது. ஆனால் செப்புக் கம்பியில் அசைபவை இலத்திரன்கள். நரம்புக்குள் இருப்பது உப்புக்கரைசல், அங்கே அசைபவை மின்னேற்றம் கொண்ட அணுக்களான அயன்கள். அந்தக் கரைசலின் தடை செப்பின் தடையைவிடக் கோடி மடங்குக்கும் அதிகம். போதாததற்கு, அதைச் சுற்றியுள்ள மென்சவ்வு மிக மெல்லியது; காப்பு உறை என்று சொல்லும் தகுதியே அதற்கு இல்லை, வழியெல்லாம் மின் கசியும். இவ்வளவு மோசமான கேபிளை நான் வேலைத்தளத்தில் கண்டால் கழற்றி வீசச் சொல்வேன். மெதுவாகப் போவதற்குக் காரணம் அதுதான்.

மூதூர் உயிரியல் ஆசிரியர்:

பொறியியலாளர் ஐயா சொன்ன தடைக் கணக்கு சரியானது. ஆனால் அது கேள்விக்குப் பாதிப் பதில். அவர் சொல்லும் கேபிள் மட்டுமே நம்மிடம் இருந்திருந்தால், காலில் முள் குத்திய செய்தி சில மில்லிமீற்றர் தூரத்திலேயே தேய்ந்து மறைந்திருக்கும், கணுக்காலைக்கூட எட்டியிருக்காது. ஆனால் அது குறையாமல் முதுகெலும்புக்குள் இருக்கும் முண்ணாண் வரை வந்து சேர்கிறது. மகளே, "ஏன் மெதுவாக" என்பதோடு "எப்படிக் குறையாமல்" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்.

முதலில் கலத்தின் அமைப்பு. நரம்புக்கலத்துக்கும் மற்றக் கலங்களைப் போல ஒரு கலவுடல் உண்டு; அதற்குள் கரு, புரதம் ஆக்கும் கருவிகள் எல்லாம் உண்டு. அதிலிருந்து குட்டையாகக் கிளைத்துப் பரவும் முளைகள் தெண்டிரைட்டுகள். மற்றக் கலங்கள் தரும் செய்திகளைப் பெரும்பாலும் இவையே வாங்குகின்றன. ஒரே ஒரு நீண்ட முளை புறப்பட்டுப் போகும், அது அக்சன். உங்கள் முண்ணாணின் கீழ்ப்பகுதியிலிருந்து பாதத்துத் தசைக்குப் போகும் அக்சன் ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமானது. அதன் தடிப்போ ஒரு மில்லிமீற்றரில் நூற்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவுதான். ஒரே கலத்தின் ஒரு பகுதி அது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இப்போது மென்சவ்வு. கலத்துக்குள்ளே பொற்றாசியம் வெளியில் உள்ளதைவிட 30 மடங்குக்கு மேல் செறிந்திருக்கிறது. சோடியம் இதற்கு நேர்மாறாக வெளியே 10 மடங்குக்கு மேல். இந்த ஏற்றத்தாழ்வைக் காத்துக்கொண்டிருப்பது சவ்விலுள்ள ஒரு புரதம். 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொற்றாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பி. 1957இல் இதைக் கண்டறிந்த டென்மார்க் அறிஞர் ஸ்கூ 1997இல் நோபல் பரிசு பெற்றார். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை உடலின் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தைச் செலவிடுகிறதே, அதில் பெரும் பங்கு இந்தப் பம்பி வேலைக்கும் இதைப் போன்ற அயன் வேலைகளுக்கும்தான் போகிறது. ஓய்வு நிலையில் சவ்வின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோற்று எதிர் மின்னேற்றமாக இருக்கும்.

ஓரிடத்தில் இந்த வேறுபாடு 55 மில்லிவோற்று அளவுக்குக் குறைந்தால் அங்குள்ள சோடியக் கால்வாய்கள், அதாவது சவ்வில் சோடியம் நுழையும் வாயில்கள், திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது. கண நேரத்துக்கு உட்புறம் நேர் மின்னேற்றமாக மாறுகிறது. பிறகு சோடியக் கால்வாய்கள் தாமாக அடைபட, பொற்றாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்புகிறது. ஓர் இடத்தில் எல்லாம் ஒன்றிரண்டு மில்லிசெக்கனில் முடிந்துவிடும். கவனிக்க வேண்டியது அயன்கள் பாயும் திசையை. செய்தி போவது நரம்பின் நெடுக்கில். சோடியம் பாய்வது குறுக்கே, வெளியிலிருந்து உள்ளே. உள்ளே வந்த ஏற்றம் பக்கத்து இடத்தைச் சிறிது தூண்டுகிறது. அங்கே புதிய கால்வாய்கள் திறக்கின்றன. அங்கும் புதிதாகச் சோடியம் பாய்கிறது. புறப்பட்ட அயன் எதுவும் மறுமுனைக்குப் போய்ச் சேர்வதில்லை. சரவெடியின் திரியைப் பாருங்கள்: முனையில் வைத்த நெருப்பா கடைசிவரை பயணம் செய்கிறது? ஒவ்வோர் இடத்திலும் இருக்கும் மருந்து புதிதாக எரிகிறது. அதனால்தான் தீ தேய்வதில்லை, அதனால்தான் அது மெதுவாகவும் போகிறது. திரி எரிந்தால் சாம்பல். நரம்போ சில மில்லிசெக்கனில் மறுபடி தயார். அந்த இடத்தில் உவமை நின்றுவிடும்.

பாலையூற்று பொறியியலாளர்:

சேர், குறுக்கே பாய்கிறது என்ற விளக்கம் அருமை. ஆனாலும் "பக்கத்து இடத்தைத் தூண்டுகிறது" என்று நீங்கள் சொல்லும் அந்தச் சிறு தூரம் நெடுக்கே ஓடும் மின்னோட்டம்தானே? அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். இன்னொன்றையும் மாணவிக்குச் சொல்ல விரும்புகிறேன். சவ்வின் தடிப்பு ஏறத்தாழ 7 நனோமீற்றர். அதன் குறுக்கே 70 மில்லிவோற்று என்றால் மின்புலம் மீற்றருக்கு ஒரு கோடி வோற்று. கையில் ஒரு கல்குலேட்டர் இருந்தால் நீங்களே வகுத்துப் பாருங்கள்.

மூதூர் உயிரியல் ஆசிரியர்:

விட்டுக்கொடுக்க வேண்டாம், அது உண்மை. அந்த நெடுக்கு ஓட்டத்தைத்தான் மயலின் உறை பயன்படுத்திக்கொள்கிறது. சில கலங்கள் அக்சனைச் சுற்றித் தங்கள் சவ்வைப் பல சுற்றாகச் சுருட்டி வைக்கின்றன. கசிவு குறைகிறது. ஆதலால் ஓட்டம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தூரம் தேயாமல் தாவி, உறை இல்லாத சிறு இடைவெளிக்குப் போய், அங்கே மட்டும் சோடியக் கால்வாய்களைத் திறக்கிறது. செக்கனுக்கு 120 மீற்றர் வருவது இந்த ஏற்பாட்டால். உறை அழிந்தால் என்ன ஆகும் என்பதைக் குயிலன் பாரே நோயாளிகளிடம் காணலாம். கால்கள் சில நாட்களிலேயே செயலிழந்துவிடக்கூடும்.

உப்புவெளி மாணவி:

நன்றி சேர். இரண்டு கேள்விகள். பக்கத்து இடத்தைத் தூண்டுகிறது என்றால் வந்த பக்கத்தையும் தூண்டாதா? ஒவ்வோர் இடத்திலும் ஒரே அளவாகப் புதிதாகிறது என்றால் சிறு வலியையும் பெரு வலியையும் எப்படி வேறுபடுத்துவது?

கோணேசபுரி வளாக மாணவர்:

முதலாவதற்குப் பதில்: இப்போதுதான் அடைபட்ட சோடியக் கால்வாய் உடனே திறக்காது. சிறிது நேரம் அது எந்தத் தூண்டலுக்கும் பதில் தராது. எனவே அலை வந்த வழியே திரும்ப முடியாது.

இரண்டாவது: ஒரே நரம்பு நாரில் ஓடும் கணத்தாக்கங்கள் சிறியது பெரியது என்று வேறுபடுவதில்லை, வந்தால் முழுதாக வரும், இல்லாவிட்டால் வராது. வலி கூடும்போது செக்கனுக்கு வரும் எண்ணிக்கை கூடும். தனித்தனி நார்களில் இதைப் பதிவுசெய்து காட்டியவர் ஏட்ரியன் என்ற ஆங்கிலேயர், 1926இல். கூடவே அதிகமான நார்களும் செயற்படத் தொடங்கும்.

வேகத்தைப் பற்றி ஒரு வரலாறும் சொல்ல வேண்டும். 1850ஆம் ஆண்டளவில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் கால் நரம்பை எடுத்து, தசைக்கு அருகில் ஒரு முறையும் தொலைவில் ஒரு முறையும் தூண்டி, தசை சுருங்கும் நேர வேறுபாட்டை அளந்தார். செக்கனுக்கு ஏறத்தாழ 27 மீற்றர் கிடைத்தது. அவருடைய ஆசிரியர் முல்லர் இதை அளக்கவே முடியாது என்று கருதியிருந்தவர். தங்கச்சி, நீங்கள் கேட்ட அதே கேள்விதான் அன்றைக்கு அந்தத் துறையையே அசைத்தது.

திருக்கடலூர் கடற்றொழிலாளி:

நான் படித்தது சாதாரண தரம் வரைதான். ஆனாலும் இந்த இழையை முழுவதும் வாசித்தேன். வலையில் பேத்தை மீன் வந்தால் நாங்கள் திரும்பக் கடலில் எறிந்துவிடுவோம். அதை அறியாமல் சமைத்துச் சாப்பிட்ட ஒருவரை நான் கண்டிருக்கிறேன். முதலில் உதடும் நாக்கும் மரத்துவிட்டன என்றார். பிறகு கை கால் சோர்ந்தன, மூச்சு வாங்க முடியவில்லை. ஆனால் நாங்கள் பேசியதெல்லாம் அவருக்கு விளங்கியது. பிழைத்து வந்தபின் ஒன்றுவிடாமல் சொன்னார். சோடியம் பாயும் கால்வாய் என்று ஆசிரியர் ஐயா சொன்னாரே, இது அதோடு தொடர்புள்ளதா?

கிண்ணியா தாதி:

நேரடித் தொடர்பு, அண்ணன். பேத்தையின் ஈரலிலும் சினையிலும் தோலிலும் இருக்கும் நஞ்சு டெட்ரோடொக்சின். அது சோடியக் கால்வாயின் வெளிவாயில் போய் அடைத்துக்கொள்கிறது. ஜப்பானியரான நாராஹாஷி 1964இல் இதைப் பரிசோதனையில் காட்டினார். கால்வாய் அடைபட்டால் கணத்தாக்கம் எழாது; உணர்வு நரம்பு செயலிழந்தால் மரப்பு, தசைக்குப் போகும் நரம்பு செயலிழந்தால் சோர்வு, மூச்சுத் தசை நின்றால் உயிர் போகும். அவருக்கு எல்லாம் விளங்கியதற்குக் காரணம், நஞ்சு மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. மாற்று மருந்து கிடையாது. மூச்சு இயந்திரத்தில் வைத்து, நஞ்சு உடலைவிட்டு நீங்கும்வரை காத்திருப்பதுதான் வைத்தியம். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு அழியாது. தயவுசெய்து இதைக் கரையில் எல்லோருக்கும் சொல்லுங்கள். நன்றாகக் கழுவினால் போதும் என்ற பேச்சை நான் இன்னும் கேட்கிறேன். அது உயிரைக் கொல்லும் பேச்சு.

பல் பிடுங்கும்போது போடும் லிக்னோகெயின் ஊசியும் இதே கால்வாயைத்தான் அடைக்கிறது, ஆனால் உட்பக்கத்திலிருந்து, ஓரிடத்தில் மட்டும், சிறிது நேரத்துக்கு.

நஞ்சைப் பற்றிப் பேச்சு வந்ததால் நரம்பின் நுனிக்கும் வருகிறேன். பாடத்தில் மாணவர்கள் அதிகம் குழம்பும் பகுதி அது. அக்சனின் நுனிக்கும் அடுத்த கலத்துக்கும் இடையில் 20 நனோமீற்றர் அளவு வெளி இருக்கிறது. இந்தச் சந்திப்பே சினாப்ஸ். கணத்தாக்கம் பொதுவாக இந்த வெளியைத் தாண்டுவதில்லை. அது நுனிக்கு வந்ததும் கல்சியக் கால்வாய்கள் திறக்கின்றன. கல்சியம் உள்ளே வர, அங்கே தயாராக நிற்கும் நுண்ணிய புடகங்கள் சவ்வோடு ஒட்டி உடைந்து தங்களிடமுள்ள இரசாயனத்தை வெளியில் விடுகின்றன. தசைக்குப் போகும் நரம்பில் அது அசற்றைல்கோலின். ஒரு புடகத்தில் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள். எதிர்ப்பக்கத்து வாங்கிகளில் அவை பொருந்தியதும் தசைக் கலத்தின் கால்வாய்கள் திறக்கின்றன. உடனே ஒரு நொதியம் அசற்றைல்கோலினை உடைத்துவிடும். உடைக்காவிட்டால் தசைக்கு ஓய்வே கிடைக்காது.

இப்போது எங்கள் வாட்டுக்கு வரும் நோயாளிகளை இதில் வைத்துப் பாருங்கள். கட்டுவிரியன் கடித்தவர்: நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவர், இரவில் கடித்ததே தெரியாது, விடியும்போது வயிற்றுவலி, கண்ணிமை தூக்க முடியாது. அதன் நஞ்சு நரம்பு நுனியையே அழித்துப் புடகங்களைத் தீர்த்துவிடுகிறது. அழிந்த நுனியை விஷமுறிவு மருந்து திருப்பித் தராது. நுனி புதிதாக வளரும்வரை நாட்கணக்கில் இயந்திரம் மூச்சு விடவேண்டும். நாகத்தின் நரம்பு நஞ்சு வேறு: நரம்பு நுனிக்கு ஒன்றும் ஆகாது, எதிர்ப்பக்கத்து வாங்கிகளில் போய் அமர்ந்துகொள்ளும். வயலுக்கு ஓகனோபொஸ்பேற்று நாசினி தெளித்தவர் மூன்றாம் வகை. அது அந்த நொதியத்தைச் செயலிழக்கச் செய்கிறது. அசற்றைல்கோலின் உடைபடாமல் குவிகிறது. வாயில் நீர் ஒழுகும், வியர்த்துக் கொட்டும், கண்மணி ஊசிமுனையாகும், தசைகள் துடிக்கும், பிறகு சோர்ந்து நின்றுவிடும். நாங்கள் அத்திரோப்பின் ஏற்றுவது சில வாங்கிகளையாவது இந்த வெள்ளத்திலிருந்து காக்கத்தான். தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் முகத்தை மூடாமல், காற்றுக்கு எதிராக நின்று தெளிக்கும் பிள்ளைகளைக் காணும்போது மனம் பதைக்கிறது. ஒரு நொதியம்தான் அவர்களுக்கும் மூச்சுத் திணறலுக்கும் நடுவில் நிற்கிறது.

பாலையூற்று பொறியியலாளர்:

தாதி சகோதரியின் பதிவு மனத்தைத் தைத்தது. ஆனால் ஒரு கேள்வி எழாமல் இல்லை. மின்னாக வந்ததை இரசாயனமாக்கி மீண்டும் மின்னாக்குவது எதற்கு? ஒவ்வொரு சந்திப்பிலும் அரை மில்லிசெக்கன் அளவு நேரம் வீணாகிறது. நேரே இணைத்துவிட்டிருக்கலாமே?

மூதூர் உயிரியல் ஆசிரியர்:

நேரே இணைந்த சந்திப்புகளும் உண்டு. 1950களின் பிற்பகுதியில் நண்டுக்கு உறவான ஒரு நன்னீர் விலங்கில் அப்படிப்பட்டதைக் கண்டார்கள். நம் மூளையிலும் சில இடங்களில் இருக்கிறது. ஆனால் நேரடி இணைப்பால் வந்ததை அப்படியே கடத்தத்தான் முடியும். இரசாயனச் சந்திப்பால் "இல்லை" என்றும் சொல்ல முடியும். குளுட்டமேற்று என்ற இரசாயனம் அடுத்த கலத்தைத் தூண்டும். காபா என்ற இன்னொன்று அந்தக் கலத்தை அடக்கும். ஒரு நரம்புக்கலத்தின் மேல் ஆயிரக்கணக்கான சந்திப்புகள் இருக்கும். எல்லாவற்றின் தூண்டலும் அடக்கலும் சேர்ந்து, அக்சன் புறப்படும் இடத்தில் எல்லையைத் தாண்டினால்தான் கணத்தாக்கம் எழும். முன்பு நடந்ததைப் பொறுத்து அந்தச் சந்திப்பே வலுப்பெறும், வலுவிழக்கும். நீங்கள் வீணென்று சொன்ன அந்த அரை மில்லிசெக்கனில்தான் கற்றலும் நினைவும் நுழைய இடம் கிடைக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் பக்கம் நின்று வாதாடியவர்கள் சிறியவர்கள் அல்லர். 1921இல் லோவி என்ற அறிஞர் இரண்டு தவளை இதயங்களை எடுத்தார். ஒன்றின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்து, அதைச் சுற்றியிருந்த திரவத்தை மற்ற இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகத் துடித்தது. இரசாயனம் கடத்துகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியாது. அப்படியிருந்தும் எக்கிள்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் மூளைக்குள் நடப்பது மின் கடத்தலே என்று நெடுங்காலம் வாதாடினார். 1951இல் அவரே முண்ணாண் நரம்புக்கலத்துக்குள் நுண்மின்வாய் செலுத்திப் பதிவுசெய்தபோது, அடக்கும் செய்தியின் மின் மாற்றம் தன் கருத்தின்படி இருக்க வேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் வந்ததைக் கண்டார். கண்டதை அப்படியே வெளியிட்டுத் தன் நிலைப்பாட்டைக் கைவிட்டார். 1963இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். அந்த நேர்மையை வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் சொல்லாமல் நான் இந்தப் பாடத்தை முடிப்பதில்லை.

நிலாவெளி வாசகர்:

என் தந்தையாருக்கு நெடுநாளாக நீரிழிவு. பாதத்தில் உணர்வு போய்விட்டது; செருப்புக் கடித்துப் புண்ணானதுகூட அவருக்குத் தெரியவில்லை. கையில் அந்தக் குறை இல்லை. இந்த இழையை வாசிக்கும்போது ஒன்று தோன்றியது: ஏன் பாதத்தில் முதலில்?

கோணேசபுரி வளாக மாணவர்:

அண்ணா, அக்சனின் நீளம் பற்றி சேர் சொன்னதில்தான் விடையின் ஒரு பகுதி இருக்கிறது. அக்சன் தனக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவற்றைத் தானே ஆக்குவதில்லை. கலவுடலில் ஆக்கி, உள்ளே இருக்கும் நுண்குழாய்களின் மீது நகர்த்தி அனுப்பவேண்டும். விரைவான சரக்குகூட ஒரு நாளில் 400 மில்லிமீற்றர் அளவுதான் நகரும். பாதம் வரை போக இரண்டு நாளுக்கு மேலாகும். மெதுவான சரக்கு நாளுக்குச் சில மில்லிமீற்றர் மட்டுமே. நீரிழிவு நரம்பையும் அதற்குக் குருதி கொடுக்கும் நுண்ணிய குழாய்களையும் கெடுக்கும்போது, மிக நீண்ட அக்சன்களின் நுனிகள்தான் முதலில் வாடுகின்றன. அதனால் பாதவிரல்களில் தொடங்கி மேலே ஏறும். அப்பாவின் பாதங்களை நாள்தோறும் வீட்டில் யாராவது கண்ணால் பார்க்கவேண்டும், விரலிடுக்கு உட்பட. வெறுங்காலோடு வெயில் மணலில் நடக்க விடாதீர்கள்.

இந்தச் சரக்கை நகர்த்தும் புரதங்களில் ஒன்றான கைனெசினை 1985இல் கண்டறிந்தது கணவாயின் அக்சனைக் கொண்டு. கணவாய் இந்தத் துறைக்குச் செய்தது கொஞ்சமல்ல. 1936இல் யங் என்பவர் அதன் உடலில் ஒரு மில்லிமீற்றர் வரை தடிப்பான அக்சன் இருப்பதை விளக்கினார். 1939இல் ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் இங்கிலாந்தின் பிளிமத்தில் அதற்குள் மின்வாய் செலுத்திக் கணத்தாக்கத்தை அளந்தார்கள். போர் குறுக்கிட்டது, 1952இல்தான் சோடியம், பொற்றாசியக் கணக்கு முழுவதும் வெளிவந்தது. எக்கிள்ஸுடன் நோபல் பரிசைப் பகிர்ந்தவர்கள் இவர்களே. 1961இல் செய்த ஒரு சோதனை எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது: அக்சனின் உள்ளீட்டை உருளையால் நசுக்கி வெளியேற்றிவிட்டு, உப்புக்கரைசலை மட்டும் நிரப்பினார்கள். அப்போதும் கணத்தாக்கம் ஓடியது. சவ்வும் இருபுறத்து உப்பும் இருந்தால் போதும் என்பது அதில் உறுதியாயிற்று.

உப்புவெளி மாணவி:

கணவாயா? நம் சந்தையில் விற்கும் அதே கணவாயில் இந்த அக்சனைக் கண்ணால் பார்க்க முடியுமா?

திருக்கடலூர் கடற்றொழிலாளி:

பிள்ளை, விடியற்காலையில் கரைக்கு வந்தால் ஐஸ் போடாத கணவாய் எடுத்துத் தருகிறேன். எந்த வகை வேண்டும் என்று ஆசிரியர் ஐயா சொல்லட்டும்.

மூதூர் உயிரியல் ஆசிரியர்:

ஊசிக் கணவாய் எடுங்கள். ஓட்டுக் கணவாயில் இந்த நார் இவ்வளவு தடிப்பாக இராது. முடிந்தவரை பெரியதும் புதியதுமாக இருக்கட்டும். நீர் பீச்சும் குழாய் இருக்கும் பக்கம் மேலே தெரியும்படி கிடத்தி, அந்தப் பக்கத்து நடுக்கோட்டில் மேலுறையைக் கத்தரிக்கோலால் நெடுக வெட்டி, இரு பக்கமும் விரித்துப் பிடியுங்கள். மறுபக்கத்தில் வெட்டினால் தேடுவதையே அறுத்துவிடுவீர்கள். குடலையும் செவுளையும் மெல்ல ஒதுக்கினால், தலைக்கு அருகே உட்சுவரில் இடமும் வலமும் ஒவ்வொரு நரம்புத்திரள் நட்சத்திர வடிவில் தெரியும். அதிலிருந்து கதிர்களாகப் பிரியும் நரம்புகளைப் பாருங்கள். பின்னோக்கி வாலுக்குப் போவதுதான் மிகத் தடிப்பானது. தொலைவிலுள்ள தசைக்குப் போகும் நார் தடிப்பாகவும் அருகிலுள்ளது மெல்லியதாகவும் இருப்பதால், மேலுறை முழுவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சுருங்கி நீரைப் பீச்சுகிறது. கீழே ஒரு கண்ணாடித் தட்டு வைத்து அடியிலிருந்து டோர்ச் அடித்தால் அந்தப் பெரிய அக்சன் கண்ணாடி இழைபோல ஒளி ஊடுருவித் தெரியும். உலர விடாதீர்கள், பக்கத்தில் ஒரு கிண்ணம் கடல்நீர் வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விட்டபடி பாருங்கள். பார்த்ததை அளவோடு வரைந்து இங்கே பதிவிடுங்கள்.